பீப் சத்தத்துக்குப் பிறகு

பூங்கொடிக்குப் போன் போட்டால் யாரோ ஒரு பெண் இங்கிலீஷில் பேசுகிறாள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். தம்பி சொல்லிப் பார்த்தான். கணவன் மோகன்குமார் எரிந்து விழுந்தான். கடைசியில் கம்பெனி சூப்பர்வைசரே, "ஷிப்ட் மாத்தினதைச் சொல்லலாம்னு கூப்பிட்டா உங்க செக்ரட்டரி எடுக்கறாங்க" என்று வேலை செய்யும் லைனில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பெண்கள் சிரித்தார்கள். இன்றைக்கே அந்தக் குரலை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தபடி பூங்கொடி கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.

அந்த இங்கிலீஷ்காரியைப் போனுக்குள் கொண்டுவந்து வைத்தவள் ஸ்வாதி. மானாமதுரைப் பக்கத்துப் பெண். ஓசூர் பாகலூர் சாலையில், மாடியில் ஒரே அறையை இருவரும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனி. கார்களுக்கு வயர் கட்டு செய்யும் இடம். கேட்டுக்குள் போனதும் போனை அணைத்து லாக்கரில் வைத்துவிட வேண்டும். வெளியே வரும்வரை உலகத்தில் என்ன நடந்தாலும் தெரியாது. அதற்காகத்தான் ஸ்வாதி ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். போன் அணைந்திருந்தாலோ, எடுக்காவிட்டாலோ அழைப்பு வேறொரு கம்பெனியின் நம்பருக்குப் போய்விடும். அங்கே ஒரு குரல், பீப் சத்தத்துக்குப் பிறகு சேதி சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் சொல்லும். சொன்னது பதிவாகும். பூங்கொடி அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோனாள். ஆப்பின் மேல் சிவப்பாக எண் ஏறிக்கொண்டே போனதை ஏதோ விளம்பரம் என்று நினைத்தாள்.

அவளுக்கு ஊர் மத்தூருக்குப் பக்கம். மோகன்குமார் தக்காளி, மாங்காய் ஏற்றும் டெம்போ ஓட்டினான். ஒரே மகள் தர்ஷினி, மத்தூரில் பிளஸ் ஒன் படித்தாள். மகளை நர்ஸிங் படிக்க வைக்க வேண்டும் என்றுதான் பூங்கொடி ஓசூருக்கு வேலைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போவாள். போன ஞாயிறு ஓவர்டைம் இருந்ததால் போகவில்லை. தர்ஷினிக்குத் தனிப் போன் கிடையாது. சாயங்காலம் மோகன்குமாரின் போனில் கூப்பிட்டுத்தான் மகளோடு பேசுவாள். இந்த வாரம் கூப்பிட்டபோதெல்லாம், "பாப்பா படிச்சுனு இருக்குது", "தூங்கிடுச்சு" என்றே அவன் சொன்னான். பரீட்சை நேரம், படிக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் போனை ஸ்வாதியிடம் நீட்டினாள்.

"இந்தா, உன் இங்கிலீஷ்காரியை முதல்ல வெளிய அனுப்பு."

"நல்லதுக்குத்தானக்கா போட்டேன். எல்லாரும் இப்படித் திட்டுறாய்ங்களே." ஸ்வாதி சிரித்துக்கொண்டே இரண்டு ஹேஷ், சைபர் சைபர் இரண்டு, மறுபடி ஒரு ஹேஷ் என்று அழுத்தி டயல் செய்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு இரண்டு வரி இங்கிலீஷ் வந்தது. "போயிருச்சுக்கா. இனிமே கால் வேற எங்கயும் போகாது. ஆப்பையும் தூக்கிரவா? உள்ள நிறைய மெசேஜ் கெடக்கு."

"யாரு என்னத்தைப் பேசியிருக்கப் போறாங்க?"

"கேட்டுட்டு அழிப்பம்."

ஸ்வாதி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் பூங்கொடியின் தம்பி. "அலோ, அலோ" என்று இரண்டு முறை சொன்னான். பிறகு குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. "எடுக்கல. ஓசூருக்குப் போனதுல இருந்து அவ பெரிய ஆபீசர் ஆயிட்டா." அவன் மனைவி சிரிப்பது கேட்டது. பிறகுதான் கட் செய்திருக்கிறான்.

ஸ்வாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவய்ங்களுக்கு லைன் போகலைன்னு நெனப்புக்கா. போனைக் கீழ எறக்கிட்டு அவய்ங்க பாட்டுக்குப் பேசுறாய்ங்க. இது எல்லாத்தையும் புடிச்சு வச்சிருக்கு."

அடுத்தது சூப்பர்வைசர். யாரிடமோ, "இந்தம்மா நல்லா வேலை செய்யும், ஆனா போனை எடுக்காது" என்றார். பூங்கொடிக்கும் சிரிப்பு வந்தது. குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மோந்துகொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அதற்கடுத்து மோகன்குமாரின் குரல் வந்தது.

"பூங்கொடி... அலோ... சே, மறுபடியும் அந்த இங்கிலீஷ்காரி." பிறகு குரல் தள்ளிப்போனது. "எடுக்கலக்கா. லாக்கர்ல வெச்சிருப்பா."

பதில் சொன்னது ஒரு பெண் குரல். குருபரப்பள்ளியில் இருக்கும் அவனுடைய அக்கா ஜோதியம்மாள்.

"எடுக்காததே நல்லதுப்பா. எடுத்தா என்னன்னு சொல்லப்போற? புதன்கிழமை காலையில தாலி ஏறட்டும். அப்பறம் சொல்லிக்கலாம். தாலி ஏறுனப்பறம் பெத்தவ என்னா பண்ணுவா?"

"பாப்பா அழுதுனே இருக்குதுக்கா."

"கண்ணாலம்னா பொட்டப்புள்ள அழுவாமயா இருக்கும்? நீ கம்முனு இரு. கோயில் அந்தாண்ட, கர்நாடகாவுல. நவீன் எல்லாம் பேசிட்டான். திங்கக்கிழமையே நான் புள்ளய எங்க வூட்டுக்குக் கூட்டினு போயிடறன். அங்க இருந்து விடியறதுக்குள்ள வண்டி எடுத்தா..."

அதோடு பதிவு நின்றது.

பூங்கொடி சொம்பைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். தண்ணீர் மடியில் வழிந்ததை ஸ்வாதிதான் பார்த்து, சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அக்கா, தர்ஷினியவா சொல்றாய்ங்க?"

நவீன்குமார் ஜோதியம்மாளின் மகன். போச்சம்பள்ளி எஸ்டேட்டில் ஒப்பந்த வேலை செய்கிறான். தர்ஷினி பிறந்தபோதே தொட்டிலை ஆட்டிவிடும் அளவுக்கு வளர்ந்த பையன். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாரியம்மன் திருவிழாவில் ராட்டினம் காட்டியவன். பாப்பாவுக்குப் பதினாறு முடிந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"இன்னொரு தடவை போடு" என்றாள்.

ஸ்வாதி போட்டாள். அதே குரல்கள், அதே சொற்கள். இரண்டாவது முறை கேட்டபோதுதான் பூங்கொடிக்கு உறைத்தது. நாளைக்குத்தான் புதன்கிழமை.

"அவருக்குப் போன் போடறன்" என்று எழுந்தாள்.

"வேணாங்கா. உங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா இன்னைக்கே முடிச்சுப்புடுவாய்ங்க. பத்து ஒம்பது எட்டுக்குப் போடுங்க. கொழந்தைங்களுக்கான நம்பரு. எங்க ஊர்ல ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் நிப்பாட்டினாங்க."

"புருசனைப் புடிச்சுக் குடுக்கச் சொல்றியா?"

பூங்கொடி சன்னலோரம் போய் நின்றாள். பதினெட்டு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அக்கா சொன்னால் மட்டும் மறுத்துப் பேச மாட்டான். ஒருவேளை சொல்லிவிடத்தான் கூப்பிட்டிருப்பானோ? அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. நம்பரை அழுத்தினாள். அவன் உடனே எடுத்தான்.

"என்னா, இந்நேரத்துக்கு?" என்றான். பின்னால் லாரிகள் போகிற சத்தம்.

"சும்மாதான். எங்க இருக்கீங்க?"

"லோடு எறக்கினு இருக்கன். மத்தூர் மார்க்கெட்ல."

"பாப்பா?"

"பள்ளிக்கூடம் போயிருக்குது."

"சாப்பாடு எடுத்துனு போச்சா?"

"ம், எடுத்துனு போச்சு. புளிச்சோறு."

கொஞ்சமும் தயங்காமல் சொன்னான். அந்தப் புளிச்சோறுதான் அவளை உலுக்கியது. பொய் சொல்ல நேர்ந்தவன் பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குள் ஒரு டிபன் டப்பாவை வைத்து, அதில் சோறும் போட்டுவிட்டான்.

"வேற ஒண்ணும் விசேஷம் இல்லியே?"

"என்னா விசேஷம்? ஞாயித்துக்கிழமை வா, பேசிக்கலாம்."

பூங்கொடி போனை வைத்தாள். அந்த எண்களை ஸ்வாதி அழுத்தவில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பூங்கொடியே அழுத்தினாள். எடுத்த பெண் பெயர், வயது, பள்ளிக்கூடம், இடம் எல்லாம் கேட்டாள். பூங்கொடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அப்பா பேரு?" என்று கேட்டபோது மட்டும் ஸ்வாதியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். கிருஷ்ணகிரியிலிருந்து அதிகாரி வருவார், குருபரப்பள்ளி வீட்டுக்குள் தனியாகப் போய்விடாதீர்கள், பேருந்து நிறுத்தத்தில் காத்திருங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள்.

யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்து பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஏறிவிட்டார்கள். கண்டக்டர், "எல்லி இளீபேக்கம்மா?" என்று எங்கே இறங்க வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கேட்டார்.

"குருபரப்பள்ளி."

அங்கே நிற்காது என்று கையை ஆட்டினார். பூங்கொடிக்குத் தெரிந்த கன்னடம் எல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. "என் பொண்ணு அங்க இருக்குதுங்க" என்றாள் தமிழில். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் கிருஷ்ணகிரிக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்து, "நிறுத்தறேன்மா" என்றார்.

சூளகிரி தாண்டும்போது ஸ்வாதி போனை எடுத்தாள். "வேற ஏதாச்சும் இருக்கான்னு பாக்கணும்க்கா. எந்தக் கோயில்னு தெரிஞ்சாலும் நல்லது." ஹெட்போனில் ஒரு முனையைப் பூங்கொடியின் காதில் வைத்து, மறுமுனையைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். பல பதிவுகளில் வெறும் மூச்சுச் சத்தமும் பஸ் இரைச்சலும்தான். பெயரில்லாத ஒரு நம்பரிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்று வந்திருந்தது.

"அம்மா."

தர்ஷினி. மெதுவாக, வாயை ஒட்டி வைத்துப் பேசுகிற குரல்.

"அம்மா, மெசேஜ் சொல்லச் சொல்லுது. அதான் சொல்றன். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. அத்தை வந்திருக்காங்க. நவீன் மாமாவுக்கு என்னைக் கட்டிக் குடுக்கப் போறாங்களாம். பஸ் ஸ்டாண்டுல நான் ஒரு பையன்கிட்ட நோட்டு வாங்குனதைப் பார்த்துட்டு யாரோ அப்பாகிட்ட தப்பா சொல்லிட்டாங்க. நீ சரின்னு சொல்லிட்டேன்னு அப்பா சொல்றாரு. சொன்னியாம்மா? சொல்லலன்னா வந்துரு. இந்த நம்பருக்குப் பண்ணாத, இது பக்கத்து வூட்டு அக்காது, அவங்க அத்தைகிட்ட சொல்லிடுவாங்க. நீயே வாம்மா."

பூங்கொடி காதிலிருந்ததைப் பிடுங்கி எடுத்தாள். ஸ்வாதி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "அக்கா, அக்கா" என்றாள். அந்த இங்கிலீஷ்காரி சொன்னது இத்தனை பேரில் ஒருத்திக்குத்தான் புரிந்திருக்கிறது. மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பேசினார்கள். அம்மா கேட்பாள் என்று நம்பிப் பேசியது அவள் பெற்ற பிள்ளை. வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அவள் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தாள். நடுவே கேன்டீனில் கேசரி போட்டார்கள் என்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தபோது கண்டக்டர் சொன்னபடி விசில் அடித்து நிறுத்தினார்.

ஜோதியம்மாள் நெடுஞ்சாலை ஓரத்தில் டிபன் கடை வைத்திருந்தாள். வீடு கடைக்குப் பின்னால். கடை பூட்டியிருந்தது. சாலையின் இந்தப் பக்கம் நிறுத்தத்தில் நின்று இருவரும் பார்த்தார்கள். வாசலில் ஒரு வேன் நின்றது. மோகன்குமார் வாழையிலைக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அதில் வைத்தான். மத்தூர் மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவன்.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்துகொண்டிருந்த அதிகாரி ராஜாத்தி போன் செய்தார். "கிருஷ்ணகிரி டோல்கிட்ட இருக்கோம்மா. வந்துடறோம். அங்கயே நில்லுங்க."

பூங்கொடி நிற்கத்தான் செய்தாள். அப்போது யாரோ ஒரு பெண் தர்ஷினியைக் கொல்லைப்புறத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். முகத்தில் மஞ்சள். கைகளில் மருதாணி. தலைக்குக் குளித்திருந்தாள். பிள்ளை கீழே பார்த்தபடி, எங்கே கூட்டிப்போனாலும் போகிறவள்போல நடந்தாள். அந்த நடையைப் பார்த்ததும் பூங்கொடி சாலையில் இறங்கிவிட்டாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது. ஸ்வாதி பின்னாலேயே ஓடினாள்.

மோகன்குமார் திரும்பிப் பார்த்தான். இலைக் கட்டை இறுக்கிக்கொண்டிருந்த கயிறு கையிலிருந்து நழுவி விழுந்தது. பூங்கொடி இதுவரை அப்படி ஒரு முகத்தை அவனிடம் பார்த்ததில்லை.

"புளிச்சோறு சாப்புட்டுச்சா பாப்பா?" என்று கேட்டாள்.

"பூங்கொடி... நான் சொல்லலாம்னுதான் அன்னிக்குப் போன் போட்டன்."

"இன்னிக்கு நானே போட்டுக் கேட்டனே."

ஜோதியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "வா பூங்கொடி. நல்ல நேரத்துக்கு வந்த. உனக்கு லீவு கெடைக்காதேன்னுதான் சொல்லல. புள்ள பேரு கெட்டுப் போயிடக்கூடாதேன்னு நாங்க மானத்தைக் காப்பாத்தினு இருக்கோம்."

"புள்ள மானம் எங்கயும் போகல அண்ணி. நோட்டு வாங்கியிருக்குது, அவ்வளவுதான்."

அதை எப்படித் தெரிந்துகொண்டாள் என்று ஜோதியம்மாளுக்குப் புரியவில்லை. தர்ஷினியை ஒரு பார்வை பார்த்தாள். தர்ஷினி அத்தையைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் ஓடிவரவும் இல்லை. இருந்த இடத்திலேயே நின்றாள்.

"நீ சரின்னு சொன்னியாம்மா?"

"இல்ல பாப்பா."

"அப்ப ஏன் வரல?"

"நீ பேசினதை நான் கேக்கலடி. இப்பத்தான், பஸ்ஸுலதான் கேட்டன்."

தர்ஷினி அதை நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பூங்கொடி போய்ப் பிடித்துக்கொண்டாள். மகளின் உடம்பு விறைத்தபடியே இருந்தது. முகத்து மஞ்சள் பூங்கொடியின் யூனிபார்மெல்லாம் ஒட்டியது.

ஜீப் வந்து நின்றது. ராஜாத்தியும் ஒரு பெண் போலீஸும் இறங்கினார்கள். ஜோதியம்மாள் உடனே குரலை மாற்றி, "குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போறோங்க" என்றாள். ராஜாத்தி அவளோடு வாதாடவில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்தார். புடவைத் தட்டு, மாலைப் பை, தாம்பாளத்தில் மஞ்சள் கயிறு. நவீன்குமார் புதிதாய் முடி வெட்டிக்கொண்டு உள்ளறை வாசலில் நின்றிருந்தான். உன் வயது என்ன என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு இருபத்தேழு என்றான்.

ராஜாத்தி தர்ஷினியைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும், அதுவரை கிருஷ்ணகிரியில் அரசு இல்லத்தில் இருக்கட்டும் என்றார். பூங்கொடி திடுக்கிட்டாள். "என்கூட அனுப்ப மாட்டீங்களா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குமா. நாலஞ்சு நாளுதான். பிள்ளைக்கு யாரை நம்பறதுன்னு இப்ப தெரியல. கொஞ்சம் மூச்சு விடட்டும்."

அது பூங்கொடியைக் குத்தியது. ஆனால் தர்ஷினி தானாகவே ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மோகன்குமாரும் ஜோதியம்மாளும் கிருஷ்ணகிரிக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பதினெட்டு முடிகிறவரை இனி இப்படி ஒரு முயற்சி செய்தால் வழக்கு என்று எச்சரித்து அனுப்பினார்கள். புருசனைப் போலீஸில் காட்டிக் கொடுத்தவள் என்று ஊரில் பூங்கொடிக்குப் பெயர் வந்தது. தம்பிகூட, வீட்டோடு பேசித் தீர்த்திருக்கலாமே என்றான். யாரோடு பேசுவது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

குழு விசாரித்து மகளை அம்மாவின் பொறுப்பில் விட்டது. அவர்களே சொல்லிப் பள்ளிக்கூட மாற்றமும் நடந்தது. ஓசூர் அறையில் இப்போது மூன்று பேர். ஸ்வாதி கட்டிலைத் தர்ஷினிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துக்கொண்டாள். அவளோடு தர்ஷினி சிரித்துப் பேசினாள். அம்மாவிடம் கேட்டதற்கு மட்டும் பதில். பூங்கொடி அவசரப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு வர முடியாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். காரணம் கேட்டார். சொல்லவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மோகன்குமார் வந்தான். மேலே ஏறி வரவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு சாக்குப்பையோடு நின்றான். பூங்கொடி இறங்கிப் போனாள். இளைத்திருந்தான்.

"பாப்பாவோட புக்குங்க. அங்கயே கெடந்துச்சு."

"குடுங்க."

"பாப்பாவைக் கொஞ்சம் வரச் சொல்றியா?"

"கேட்டுப் பாக்கறன். வரலன்னா கட்டாயப்படுத்த மாட்டன்."

"சரி."

அவள் மேலே போய்ச் சொன்னாள். தர்ஷினி காய்ந்த துணிகளை மடித்து முடித்தாள். பிறகு எழுந்து துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். பூங்கொடி மாடியிலிருந்து பார்த்தாள். அப்பா ஏதோ சொன்னான். மகள் பையை வாங்கிக்கொண்டாள். பாரத்தில் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் உதவக் கை நீட்டினான். அதற்குள் அவள் படியேறத் தொடங்கிவிட்டாள்.

அறைக்கு வந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டி சன்னலோரம் அடுக்கினாள். உயிரியல் புத்தகத்தின் அட்டை மடங்கியிருந்தது. அதை நீவி நேராக்கிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"அப்பா சாப்புட்டாராம்மா?"

"தெரியல."

"நீ கேக்கலியா?"

"கேக்கல."

தர்ஷினி அடுத்த புத்தகத்தை எடுத்தாள். கீழே, எதிர்ப்புறம், மோகன்குமார் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான். ஒரு பஸ் வந்தது. அவன் ஏறவில்லை.